நிலா எந்தத் தேதிக்குச் சொந்தம்?

நவம்பர் 3

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். “டீச்சர், ஒண்ணுமே நடக்காத தேதி எது?” என்று பல வருடங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. “தேடிச் சொல்றேன், உட்காரு” என்றேன். நான் ஓய்வு பெற்றே ஆறு வருடமாகிவிட்டது. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததும் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நின்றது. நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண வரவேற்பில் பார்த்தீர்களே.

என் பழக்கத்தின் கதை இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு கரும்பலகை இருந்தது. தினமும் முதல் மணி அடிப்பதற்கு முன் ‘இதே நாளில்’ என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் எந்தெந்த வருடம் என்னென்ன நடந்தது என்று எழுதுவேன். உதாரணத்துக்கு இன்றைய தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957, நவம்பர் 3: ஒரு நாய் விண்வெளிக்குப் போய்ப் பூமியைச் சுற்றியது. அன்றைக்குப் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில்கூட நாயைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தத் தகவல்களை எழுதி வைத்த அட்டைகள் இரண்டு செருப்புப் பெட்டி நிறைய என் அலமாரியில் இருக்கின்றன.

அந்தப் பழக்கதோஷம்தான் அன்றைக்கு மேடையில் என்னை மாட்டிவிட்டது. ஜூலை 20. மைக் கைக்கு வந்ததும், “இதே நாளில்தான் மனிதன் முதன்முதலாக நிலவில் கால் வைத்தான். இன்று இவர்கள் புது வாழ்க்கையில் கால் வைக்கிறார்கள்” என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் முன்வரிசையிலிருந்து எழுந்து, “தேதி தப்பு. இறங்குனது இருபது. கால் வெச்சது இருபத்தொண்ணு” என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கிலேயே, “உட்காருங்க சம்பந்தி, புத்தகத்துல இருபதுன்னுதான் இருக்கு” என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீங்கள் சாப்பிடாமலே போய்விட்டீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, நமக்குள் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து நம் பிள்ளைகள் உங்களுக்கும் செய்தி அனுப்பியிருப்பார்கள். ஜனவரி 23-ஆம் தேதி வாக்கில் நீங்கள் தாத்தா, நான் பாட்டி! உதவிக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? “அம்மா, மாமாவையும் வரச் சொல்லியிருக்கோம். வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. இல்லன்னா ரெண்டு பேருமே வேண்டாம். இந்த வீட்டுல சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவுல கதவே கிடையாது. நடுவுல நான் தொட்டில் வைக்கிறதா, வேலி போடுறதா?” மாப்பிள்ளையும் பின்னாலிருந்து, “அத்தை, அப்பாகிட்ட முதல்ல பேசுங்க” என்று குரல் கொடுத்தார்.

கப்பலில் ரேடியோ ஆபீசராக அத்தனை வருடம் ஹெட்போன் மாட்டியதில் உங்களுக்குக் காது மந்தம், போனில் பேசுவது சிரமம் என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் கடிதம். பேரக்குழந்தையின் முதல் அழுகையை நாம் இருவரும் போனில் கேட்கப் போகிறோமா, பக்கத்தில் நின்று கேட்கப் போகிறோமா? பதில் உங்கள் கையில்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


நவம்பர் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

தேதி இருபத்தொன்று. மாற்றமில்லை.

விவரம்: கப்பலின் ரேடியோ அறையில் கிரீன்விச் நேரம்தான் வைப்போம். கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் அந்த அறைக் கடிகாரம் மாறாது. எனக்கு அப்போது இருபது வயது, முதல் கப்பல். ரேடியோவில் நானே கேட்டேன். அதிகாலை மூன்று அடிக்கச் சற்று முன்பு. லாக் புத்தகத்தில், அதாவது பணிக்குறிப்பேட்டில், என் கையால் எழுதிய தேதி ஜூலை 21. உங்கள் புத்தகம் எழுதியவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் விழித்திருந்தேன்.

குழந்தைச் செய்தி அறிந்தேன். மகிழ்ச்சி. பயணம் பற்றி யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பா


நவம்பர் 19

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பதில் போட்டீர்களே! தபால்காரரிடமிருந்து கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், செருப்பைக்கூட மாட்டாமல் நின்று என் தோளுக்கு மேலாகப் படித்தார். படித்துவிட்டுச் சொன்னார்: “நிலாவுல கால் வெச்சவனே ஊருக்குத் திரும்பிட்டான். உன் சம்பந்தி இன்னும் இறங்கி வரல.” கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையில் நாள் முழுக்க இருமலையும் காய்ச்சலையும் கேட்கிறவர், வீட்டில் கொஞ்சம் இப்படித்தான் பேசுவார்.

நீங்கள் சொன்னதை யோசித்தேன். வகுப்பில் சொல்வது போல ஓர் உதாரணத்தோடு சொல்கிறேனே. ராத்திரி ரயிலில் ஒரு பெண் பயணம் போகிறாள். வழியனுப்பிய அண்ணன், “செவ்வாய்க்கிழமை போனா” என்பான். அழைக்க வந்த அக்கா, “புதன்கிழமை வந்தா” என்பாள். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, “எது சரி?” என்று கேட்டால் சண்டைதான் வரும். ரயில் ஒன்றுதான். அந்த மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய ஊரில் அப்போது இருபதாம் தேதி இரவு. உங்கள் ரேடியோ அறையில் இருபத்தொன்று அதிகாலை. நான் அண்ணன் கட்சி, நீங்கள் அக்கா கட்சி. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் தேவைப்பட்டது. மேடையிலேயே தோன்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். தேதி தப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன், சரி. அதற்காகப் பெற்ற மகன் கல்யாணத்தில் சாப்பிடாமலா போவார்கள்? ஒரு தேதிக்காக ஒரு மனிதருக்கு அத்தனை கோபம் வருமா? நீங்கள் அத்தனை சிறிய மனசுக்காரர் இல்லை என்று மாப்பிள்ளையைப் பார்த்தாலே தெரிகிறது. வேறு ஏதோ இருக்கிறது. சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பத்தியைப் படிக்காதது போல் விட்டுவிடுங்கள்.

இப்போது கொண்டாட்டமான விஷயம். ஜனவரி 23-க்கான அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அடேயப்பா, என்ன தேதி! 1849-இல், நம் பிள்ளைகள் இப்போது இருக்கிற அந்த நாட்டிலேயே முதன்முதலாக ஒரு பெண் மருத்துவப் பட்டம் வாங்கியது அன்றைக்குத்தான். 1960-இல் ஓர் இரும்பு உருண்டைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு கடலின் மிக ஆழமான அடிக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்ததும் அன்றைக்குத்தான். மூன்றாவது அட்டையைப் படித்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. 1909: பனிமூட்டத்தில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. உடைந்த அறையில் குளிரில் உட்கார்ந்து ஓர் இளைஞர் மணிக்கணக்காகக் கம்பியில்லாத் தந்தி அடித்துக்கொண்டே இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். உங்கள் தொழில்காரர்! எங்கள் பக்கம் ஒரு டாக்டரம்மா, உங்கள் பக்கம் ஒரு ரேடியோ ஆபீசர், அடியில் போய்ப் பார்க்க ஒரு கடல். இதைவிட நல்ல நாளாகப் பார்த்து ஒரு குழந்தை பிறக்க முடியுமா?

அந்தத் தேதிக்கு நான்காவது அட்டை ஒன்றும் இருக்கிறது. அதை எழுதப் போவதில்லை. பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் பூகம்பம் எதற்கு?

அன்புடன்,
சம்பந்தியம்மா


டிசம்பர் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

1909 சம்பவம் எனக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். அதை ஒரு ஆசிரியை அட்டையில் எழுதி வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

அந்தப் பத்தியைப் படிக்காதது போல் விட இரண்டு வாரம் முயன்றேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

நிலாவில் மனிதன் இறங்கிய அன்று காலை பணி முடிந்து அறைக்குப் போய், ஊரிலிருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கடிதம் எழுதினேன். அதுவரை எழுதத் தைரியம் வந்ததில்லை. அன்று வந்தது. நிலாவிலேயே இறங்கிவிட்டார்கள், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. தேதி போட்டேன்: ஜூலை 21. நாலு வருடம் கழித்து அதே தேதியில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு ஜூலை 21-ஆம் தேதியும் நான் எந்தக் கடலில் இருந்தாலும் அவளிடமிருந்து ரேடியோத் தந்தியில் ஒரு வரி வரும். “நிலாவுல இன்னைக்கு யாராவது இருக்காங்களா, பார்த்துச் சொல்லுங்க.” அவ்வளவுதான். வருடா வருடம் அதே வரி.

மகன் கல்யாணத்துக்கு முந்தின வருடம் அவள் போய்விட்டாள். கல்யாணத்தை இருபத்தொன்றில் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். மண்டபம் இருபதுதான் கிடைத்தது என்று உங்கள் வீட்டிலிருந்து தகவல் வந்தது. சரி என்றேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது என் தவறு. பிறகு நீங்கள் மேடையேறினீர்கள். மண்டபம்தான் இருபதுக்குப் போனது, இப்போது நிலாவையும் இருபதுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்களே என்றுதான் எழுந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தக் காதுக்கும் கேட்டது.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கப்பல்காரர்களுக்குத் தெரியும். பசிபிக் கடலின் நடுவில் தேதிக்கோடு ஓடுகிறது. கிழக்கே போகும்போது அதைத் தாண்டினால் ஒரே தேதி இரண்டு முறை வரும். மேற்கே போகும்போது ஒரு தேதி காணாமல் போகும். ஒரு வருடம் எனக்குப் பிறந்தநாள் இரண்டு நாள் வந்தது. இரண்டாம் நாள் காலையில் சமையல்காரர் என்னைப் பார்த்து, “என்ன சார், நேத்துதானே வாழ்த்துச் சொன்னேன், மறுபடியும் வந்து நிக்கிறீங்க?” என்றார். இன்னொரு வருடம் திரும்பி வரும்போது பிறந்தநாளே வரவில்லை. “உனக்கு இந்த வருஷம் வயசு ஏறாது, போ” என்று கேப்டன் சொல்லிவிட்டார். கூட்டிக் கழித்தால் கணக்குச் சரி.

அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தீவு நாடு. வியாபார வசதிக்காக 2011-இல் கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டார்கள். டிசம்பர் 29, வியாழன் இரவு படுத்தார்கள். எழுந்தபோது டிசம்பர் 31, சனி. அந்த வருடம் அந்த ஊரில் டிசம்பர் 30 என்று ஒரு நாளே கிடையாது. யாரும் பிறக்கவில்லை, யாரும் இறக்கவில்லை, யாரும் சண்டை போடவில்லை. உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்: ஒன்றுமே நடக்காத தேதி, டிசம்பர் 30.

டிக்கெட் எடுங்கள். ஜனவரி 12 வாக்கில் எனக்கு வசதி. ஜன்னலோர இருக்கை எனக்கு.

இப்படிக்கு,
சம்பந்தி


டிசம்பர் 12

அன்பும் மரியாதையும் கலந்து சம்பந்தி அவர்களுக்கு,

இனி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வரி மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். நிலாவை இருபத்தொன்றாம் தேதிக்கே திருப்பித் தந்துவிட்டேன். செருப்புப் பெட்டியில் அந்த அட்டையை இடம் மாற்றி வைத்தாயிற்று. நிரந்தரமாக.

என் வீட்டுக்காரர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு கேலியும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த மனுஷனுக்கு ஜன்னலோரத்தையே குடு. நீ நடுவுல உட்காரு” என்றார். அவர் வரவில்லை. கடையை மூடினால் பாதித் தெருவுக்கு மாத்திரை கிடைக்காது என்கிறார். உண்மையில் விமானமென்றால் பயம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஜனவரி 12-க்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்! மகளுக்குப் போன் செய்து, “நாங்க பேசிட்டோம். சேர்ந்து வர்றோம்” என்றேன். பிறகு மாப்பிள்ளை போனை வாங்கி, “அத்தை, இவ அழறா. நல்ல அழுகைதான். என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்?” என்றார். “உங்கப்பாகிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு என்ன தேதி பார்த்தீர்களா? டிசம்பர் 12. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்! 1901-இல் இதே நாளில் ஒரு பெருங்கடலின் இந்தக் கரையில் ஒருவர் பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, காதில் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் கரையிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் மூன்றே மூன்று புள்ளி வந்து சேர்ந்தது. டிக், டிக், டிக். இந்த அட்டையை நான் எத்தனையோ தடவை பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள், “மூணு புள்ளிதானே டீச்சர், அதுல என்ன இருக்கு?” என்பார்கள். என்ன இருக்கிறது என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரிந்ததில்லை. வருடத்துக்கு ஒரு வரி வந்துகொண்டிருந்த ஒரு கப்பலைப் பற்றி இப்போது எனக்குத் தெரியும். இனிமேல் சொல்வேன்.

டிசம்பர் 30 பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். உடனே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து அந்தத் தேதியைத் தேடினால், அட்டையே இல்லை! யோசித்தால் புரிகிறது. டிசம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் எப்போதும் விடுமுறை. பலகையில் எழுத வேண்டாத தேதிகளுக்கு நான் அட்டையே தயாரித்ததில்லை. அத்தனை வருடத்தில் விடுமுறை நாட்களில் உலகத்தில் ஒன்றுமே நடக்காதது போலவே இருந்திருக்கிறேன், பாருங்கள்!

பயணத்துக்குக் காதுக்குப் பஞ்சு கொண்டுவருகிறேன். உங்களுக்குச் சூடான பானம் வேண்டுமா, ஆறியதா என்று மட்டும் எழுதுங்கள்.

மிக்க அன்புடன்,
சம்பந்தியம்மா


டிசம்பர் 30

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருப்பார். பேத்தி! நமக்குப் பேத்தி!

காலை ஒன்பது மணி இருக்கும். போன் அடித்தது. மாப்பிள்ளை எடுத்தவுடனே, “அத்தை, பயப்படாதீங்க” என்றார். அதைவிடப் பயமுறுத்தும் வார்த்தை உலகத்தில் உண்டா? அங்கே சாயங்காலம் திடீரென்று வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். மூன்றரை வாரம் முந்திக்கொண்டுவிட்டாள். எடை குறைவு, கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, மூச்சு எப்படி, நிறம் எப்படி, பால் குடித்தாளா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், “அவங்க அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்ததே லேட்டு. இவளாவது சீக்கிரம் வந்தாளே” என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பிறகு போனிலேயே அவள் அழுகையைக் கேட்க வைத்தார்கள். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்று கேட்போம் என்று உங்களுக்கு நான் பெரிதாக எழுதினேனே. போனில்தான் கேட்டேன். நீங்கள் அதையும் கேட்டிருக்க முடியாது என்று நினைத்தபோதுதான் எனக்கு மனசு தாங்கவில்லை. அதனால் எழுதிக் காட்டுகிறேன்: சின்னச் சின்னதாக மூன்று தடவை, பிறகு ஒரு பெரிய இடைவெளி, மறுபடி மூன்று தடவை. உங்களுக்குப் புரியும்.

டிக்கெட்டை ஜனவரி 4-க்கு மாற்றிவிட்டேன். இருக்கைகள் அதே வரிசையில்தான். பெட்டியைக் கட்டுங்கள்.

கடைசியாக, தேதி. அவள் பிறந்தபோது அங்கே டிசம்பர் 29 இரவு ஒன்பது மணி சுமார். இங்கே 30 காலை. நிலாக் கதையேதான்! ஆனால் இந்தத் தடவை நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் ரேடியோ அறைக் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிரீன்விச்சில் டிசம்பர் 30 அதிகாலை. நம் பேத்தி பிறந்த நாள் டிசம்பர் 30. ஒரு புது அட்டை எடுத்து என் கையாலேயே எழுதிவிட்டேன். ஒன்றுமே நடக்காத தேதி என்றீர்களே, போயிற்று அந்தப் பெருமை!

உங்கள் பேத்தியின் பாட்டி


டிசம்பர் 30

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மகன் அனுப்பிய செய்தி காலையில் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். கண்ணாடி போட்டு மூன்றாம் முறை பார்த்தேன்.

குழந்தையின் படம் வந்தது. நெற்றி என் மனைவியுடையது. சந்தேகமில்லை.

தேதி பற்றி. ஒரு மனிதர் பிறந்த நாளை அந்த ஊர்க் கடிகாரம்தான் சொல்ல வேண்டும். அவள் பிறந்த அறையின் சுவரில் என்ன தேதி இருந்ததோ அதுதான் அவளுடையது. கிரீன்விச் கடிகாரம் கப்பலுக்கு. தொட்டிலுக்கு இல்லை. நீங்கள் மேடையில் சொன்ன முறைதான் சரி. எனவே டிசம்பர் 29. பழைய லாக் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வெற்றாக இருந்தது. அதில் எழுதிவிட்டேன். கப்பலை விட்ட பிறகு அதில் எழுதியது இதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீங்கள் டிக்கெட்டை மாற்றியிருப்பீர்கள். என்றைக்கென்றாலும் வருகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. இன்று காலை பத்து மணிக்கே.

ஜன்னலோரம் நீங்கள் உட்காருங்கள். நான் மேகம் நிறையப் பார்த்தவன்.

பானம் சூடாக.

அன்புடன்,
உங்கள் பேத்தியின் தாத்தா


ஜனவரி 1

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

அவசரத்தில் கூரியரில் போட்ட உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, பேசாமல் தாண்டிப் போயிருக்கின்றன! நான் உங்களுக்காக 30 என்று எழுதினேன். நீங்கள் எனக்காக 29 என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது நான் உங்கள் கட்சி, நீங்கள் என் கட்சி. சண்டை அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் இடம் மாறிவிட்டது! சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கடை மருந்தை நீட்டிக்கொண்டே, “விட்டுக்குடுக்கிறதுலகூடப் போட்டியா? அந்தக் குழந்தை இன்னும் கண்ணையே முழுசாத் திறக்கல, அதுக்குள்ள ரெண்டு கட்சி” என்றார். மகளிடம் சொன்னேன். அவள், “ஆஸ்பத்திரிச் சான்றிதழ்ல 29-ன்னுதான் இருக்கு. ஆனா நீங்க ரெண்டு பேரும் 30-ஆம் தேதிதான் கேட்டீங்க, 30-ஆம் தேதிதான் அழுதீங்க. அதையும் வெச்சுக்கலாம்மா. அவளுக்கு ரெண்டு பொறந்தநாள்” என்றாள்.

இரண்டாம் நாளும் வாழ்த்து வாங்க வந்து நின்ற ஒரு ரேடியோ ஆபீசரின் பேத்திக்கு வேறு எப்படி இருக்கும்?

நேற்று அவளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். நன்றாகப் பால் குடிக்கிறாளாம். மகள் குரலில் தெம்பு வந்துவிட்டது. “வாங்கம்மா, சீக்கிரம் வாங்க. கதவே இல்லாத வீடு, மாமாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். சொல்லிவிட்டேன்.

எனக்குத்தான் ஒரு வேலை பாக்கியிருந்தது. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, அவளுக்கே இரண்டு பிள்ளைகள் இருக்கலாம். அவளிடம் நான் சொல்ல நினைத்தது இது. பலகையில் நான் எழுதியதெல்லாம் எங்கேயோ யாருக்கோ நடந்தது. நாய் பறந்தது, கடலின் அடியைத் தொட்டார்கள், நிலாவில் இறங்கினார்கள். அதே ஜூலை 21-இல் ஒரு கப்பலில் ஓர் இளைஞர் முதல் கடிதம் எழுதத் துணிந்தார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது தெரியாமல்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் நிலாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் நடக்காத தேதி கிடையாது அம்மா, நமக்கு யாரும் சொல்லாத தேதிதான் இருக்கிறது. இவ்வளவுதான் பதில். அந்தப் பதிலுக்கு இத்தனை வருடமும் ஒரு சம்பந்தியும் தேவைப்பட்டார்கள்.

விமான நிலையத்தில் நான் பச்சைப் புடவையில் இருப்பேன், கையில் செருப்புப் பெட்டி ஒன்று இருக்கும். ஆமாம், கொண்டுவருகிறேன். நீங்கள் லாக் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். ஜன்னலோரத்துக்குப் போட்டி வேண்டாம். போகும்போது நீங்கள், வரும்போது நான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த தேதிகளுக்கு எழுதாமல் விட்டதில் வெற்று அட்டைகள் நிறைய மிச்சம் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இன்று இரவு படுப்பதற்கு முன் அதில் இன்றைய தேதியைப் போட்டு, உங்கள் வீட்டில் இன்று நடந்ததை ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

சம்பந்தியம்மா